மண் சடக்கும் தார்ச் சடக்கும்: மலைச் சைக்கிள் பிறந்த கதை



சைக்கிளுக்கும் ஒரு வரலாறா, அதைப் பரிசளிப்பு விழா மலரிலே எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அரசர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். போர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். ஆனால் பால் வாளியைச் சுமந்ததும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு ஏற்றிப் போனதும், சம்பள நாளில் டவுனுக்குப் போய்ச் சாமான் கட்டிக்கொண்டு வந்ததும் சைக்கிள்தானே? நம் குடும்பங்களோடு இவ்வளவு ஒட்டி உறவாடிய ஒரு பொருளின் கதையை நாம் தெரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் தெரிந்துகொள்வார்கள்?

இன்றைய பிள்ளைகள் சைக்கிளிலே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் ஒரு கட்சி. மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் இன்னொரு கட்சி. "இது மண் சடக்குக்கு, அது தார்ச் சடக்குக்கு" என்று கோடு கிழித்துப் பேசுகிறார்கள். மலைச் சைக்கிள்காரன் தார்ச் சடக்கில் வந்தால், "என்னடா, மலை எங்கேடா?" என்று கேலி செய்கிறார்கள். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கோடு நிற்காது. மலைச் சைக்கிளை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் தார்ச் சடக்கில் பந்தயம் ஓட்டியவர்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தார் இல்லாத காலம்

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சைக்கிள் பிறந்தபோது தார்ச் சடக்கே கிடையாது. 1817ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலே கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தால் செய்த இருசக்கர வண்டி ஒன்றில் ஏறி ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் இல்லை, செயின் இல்லை. உட்கார்ந்தபடியே காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். 1860களில் பாரீஸ் நகரில் முன்சக்கரத்தில் பெடல் வந்தது. 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' சைக்கிளைச் செய்தார். ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சக்கரம், பின்சக்கரத்தை இழுக்கும் செயின் என்று இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அதுதான்.

1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். நமக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு இங்கேதான் தொடங்குகிறது. காற்று டயர் வந்தபின் சைக்கிள் விற்பனை பெருகியது, ரப்பருக்குத் தேவை கூடியது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பரை வியாபாரத் தோட்டமாகப் பயிரிட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்து ரப்பரின் தேவையைப் பல மடங்காக்கியது. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்ததற்கும், இருட்டோடு எழுந்து பால் மரம் வெட்டியதற்கும் பின்னால் உலகத்தின் டயர்கள் உருண்டுகொண்டிருந்தன.

அந்தக் காலத்துச் சைக்கிள்காரர்கள் எல்லாருமே மண் சடக்குக்காரர்கள்தாம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி, எப்போதும் குதிரைவண்டித் தடத்தின் பள்ளம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு நல்ல சடக்கு போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் சைக்கிளோட்டிகளே! அமெரிக்காவில் 1880இல் தொடங்கிய சைக்கிளோட்டிகள் சங்கமும், இங்கிலாந்தில் 1886இல் சைக்கிள்காரர்கள் அமைத்த சாலைச் சீர்திருத்தச் சங்கமும் இதற்காகப் பாடுபட்டன. மோட்டார் கார் பெருகுவதற்கு முன்பே நல்ல சடக்குக்கு வழி கேட்டது சைக்கிள்தான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

பெரிய பந்தயங்களும் மண்ணிலேதான் நடந்தன. பிரான்சைச் சுற்றி வரும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம் 1903இல் தொடங்கியது. 1910இல் முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயரமான கணவாய்களில் அதை நடத்தினார்கள். அங்கே இருந்தது ஆட்டுமந்தை போகிற மாதிரியான கரடுமுரடான பாதை. ஏற்றத்துக்கு ஏற்றபடி மாற்றும் கியர் வசதியும் அப்போது கிடையாது. ஒக்தாவ் லாபீஸ் என்ற வீரர் பல இடங்களில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். வழியில் நின்ற பந்தய அதிகாரிகளைப் பார்த்து, "கொலைகாரர்கள்!" என்றே கத்திவிட்டாராம். ஆனாலும் அந்த ஆண்டின் வெற்றி அவருக்குத்தான் கிடைத்தது. தார்ச் சடக்கின் மாபெரும் பந்தயம் என்று இன்று நாம் நினைப்பது, வளர்ந்தது மண்ணிலே!

பட்டாளத்துச் சைக்கிள்

1897ஆம் ஆண்டு அமெரிக்காவில் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் என்ற அதிகாரியின் தலைமையில், மொன்டானா மாநிலத்து மிசூலா கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரம் வரை சைக்கிளிலே போனார்கள். தூரம் ஏறக்குறைய 1,900 மைல். எடுத்துக்கொண்ட நாள் 41. கூடாரம், சமையல் பாத்திரம், துப்பாக்கி எல்லாம் சைக்கிளிலும் தோளிலும். மலைப்பாதை, மணல், சேறு என்று எல்லாவற்றையும் கடந்தார்கள். சில இடங்களில் பாதையே இல்லாமல் ரயில் தண்டவாளக் கட்டைகளின் மேல் தடதடவென்று ஓட்டிப் போனார்கள். மலைச் சைக்கிள் என்ற பெயர் பிறப்பதற்கு 80 ஆண்டுகளுக்கு முன் நடந்த காரியம் இது.

நம் நாட்டிலும் சைக்கிள் பட்டாளம் வந்தது. அதைச் சொல்லும்போது வயதானவர்கள் முகம் வாடும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்தது. எழுபது நாள்தான்! வடக்கிலிருந்து ஜொகூர் பாரு வரை அவர்கள் அவ்வளவு வேகமாக வந்ததற்குச் சைக்கிளும் ஒரு காரணம். ரப்பரையும் ஈயத்தையும் ஏற்றிப் போக வெள்ளைக்காரன் போட்டு வைத்த நல்ல தார்ச் சடக்கில் சைக்கிளை விரட்டினார்கள். பாலம் உடைக்கப்பட்ட இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். சடக்கில் எதிர்ப்பு இருந்தால் தோட்டத்து மண் பாதைகளில் இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றி வந்தார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவு நேரத்தில் அந்தச் சத்தம் டாங்கிகள் வருவதுபோல் கேட்குமாம். ஜப்பான்காரன் காலத்தில் நம் மக்கள் பட்ட பாடும், சயாம் ரயில் பாதையில் மாண்டவர்களின் துயரமும் தனியே எழுத வேண்டிய கண்ணீர்க் கதை. இங்கே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மண் சடக்கு, தார்ச் சடக்கு இரண்டிலும் போகத் தெரிந்தவனைத் தடுப்பது கடினம் என்பதை நம் மண்ணே ஒருமுறை பார்த்திருக்கிறது.

தமல்பாயஸ் மலையடிவாரம்

இப்போது மலைச் சைக்கிள் பிறந்த வீட்டுக்குப் போவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் என்ற மாவட்டம். அங்கே தமல்பாயஸ் மலை, 2,500 அடிக்கு மேல் உயரம். காட்டுத் தீயை அணைக்கப் போகும் வண்டிகளுக்காக அந்த வட்டாரத்து மலைகளிலே மண் சடக்குகள் வெட்டியிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இளைஞர்கள் சிலர் பழைய சாமான் கடையிலும் குப்பையிலும் கிடந்த தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துச் சரிசெய்து, அந்தச் சடக்குகளில் இறங்கி விளையாடினார்கள். அவை 1930களிலும் 40களிலும் பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டிய பழைய 'ஷ்வின்' போன்ற சைக்கிள்கள். இரும்புக் கனம், கியர் இல்லை. ஆனால் டயர் மட்டும் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம்.

இந்த இளைஞர்களில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? கேரி பிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி மூவரும் 'வீலோ கிளப் தமல்பாயஸ்' என்ற சைக்கிள் சங்கத்தின் உறுப்பினர்கள். அது மலைச் சைக்கிள் சங்கமா? இல்லை. தார்ச் சடக்குப் பந்தயச் சங்கம்! பிஷர் சிறு வயதிலிருந்தே பந்தயம் ஓட்டியவர். 1968இல் தலைமுடி நீளமாக இருக்கிறது என்று சொல்லி அவரைப் பந்தயத்திலிருந்து தள்ளி வைத்தார்களாம். பிரீஸும் சாலைப் பந்தய வீரர். வாரம் முழுக்க மெல்லிய டயரில் தார்ச் சடக்கிலே பயிற்சி, ஓய்வு நேரத்தில் தடித்த டயரில் மண் சடக்கிலே விளையாட்டு. இப்படித்தான் ஆரம்பித்தது.

1974 டிசம்பர் முதல் நாள் மில்வேலி என்ற ஊரில் சேற்றுப் பாதைச் சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. குப்பர்டினோ என்ற ஊரிலிருந்து வந்த சிலர், தடித்த டயர் சைக்கிளில் ரேஸ் சைக்கிளைப் போலப் பல கியர்களைப் பூட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். மரின் இளைஞர்களுக்குக் கண் திறந்தது. கேரி பிஷர் தம் பழைய சைக்கிளில் கியரையும் வலுவான டிரம் பிரேக்கையும் பூட்டினார். அதுவரை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டோ லோரியில் ஏற்றிக்கொண்டோ போன சைக்கிள், அதன் பிறகு மிதித்தே மலையேறியது. தார்ச் சடக்கின் பொருள் மண் சடக்குக்கு வந்து சேர்ந்த இடம் இதுவே.

1976 அக்டோபர் 21ஆம் நாள் பேர்பாக்ஸ் என்ற ஊருக்கருகே ஒரு மண் சடக்கில் அவர்கள் முதல் இறக்கப் பந்தயம் வைத்தார்கள். ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பழைய சைக்கிளுக்குப் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக் மட்டும்தான். கீழே வந்து சேர்வதற்குள் அந்தப் பிரேக் நெருப்பாய்ச் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ஆகவே அந்தச் சடக்குக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைப்பது' என்று பெயர் வந்துவிட்டது. சார்லி கெல்லி முன்னின்று நடத்திய இந்தப் பந்தயம் இடைவெளி விட்டு 1984 வரை நடந்தது. மிக வேகமாக இறங்கியவர்கள் பிஷரும் பிரீஸும். பிஷரின் நேரம் 4 நிமிடம் 22 விநாடி. பிரீஸ் அவரைவிட 2 விநாடிதான் பின்னால்.

குப்பையிலிருந்து கடைக்கு

பழைய சைக்கிள் எத்தனை நாள் தாங்கும்? முன்கவை வளையும், சட்டம் முறியும். ஜோ பிரீஸ் சாலைப் பந்தயச் சைக்கிளுக்குச் சட்டம் செய்யக் கற்றவர். அந்தக் கைத்திறனை வைத்து 1977இல், மலைக்கென்றே புத்தம் புதுப் பொருள்களால் ஒரு சைக்கிளைச் செய்தார். 'பிரீஸர்' என்று பெயர். முதல் வரிசையில் பத்துச் சைக்கிள்கள். அவற்றில் முதலாவது இன்று அமெரிக்கத் தேசிய வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது.

1979இல் டாம் ரிச்சி என்ற இளைஞர் சட்டங்களைச் செய்து கொடுக்க, பிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். சைக்கிள் ஒன்றின் விலை சுமார் 1,300 அமெரிக்க வெள்ளி! இந்த ரிச்சியும் பையனாக இருந்தபோதே சாலைப் பந்தயங்களில் பேர் வாங்கியவர். அவர் யாரோடு சுற்றியவர் என்றால், ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற இயந்திரப் பொறியாளரோடு. பிராண்ட் மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளையே சாந்தா குரூஸ் மலைகளின் மண் பாதைகளில் ஓட்டிப் போவார். இளைஞர்கள் அவர் பின்னால் போவார்கள். இரண்டு சடக்கும் தெரிந்த பெரியவர் வழிகாட்ட, அதில் ஒரு பையன் மலைச் சைக்கிள் செய்யும் தொழிலில் பெரிய பெயர் எடுத்தான்.

1981இல் 'ஸ்பெஷலைஸ்டு' நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' என்ற மலைச் சைக்கிளை ஜப்பானில் மொத்தமாகச் செய்யவைத்துக் கடைகளுக்கு அனுப்பியது. விலை சுமார் 750 வெள்ளி. அதற்குப் பிறகு மலைச் சைக்கிள் உலகமெங்கும் பரவியது. வேடிக்கை என்னவென்றால், வாங்கியவர்களில் மிகப் பலர் மலைப்பக்கமே போகவில்லை. நிமிர்ந்து உட்காரலாம், பள்ளத்தில் விழுந்தாலும் டயர் தாங்கும், ஏற்றத்துக்குக் கியர் இருக்கிறது என்று டவுனில் வேலைக்கும் கடைக்கும் ஓட்டினார்கள். மண் சடக்குக்காகப் பிறந்தது, தார்ச் சடக்கிலே குடியேறிவிட்டது!

இரண்டும் எதற்கு?

மலைச் சைக்கிள் வீரர்கள் இன்றும் தார்ச் சடக்கில் பயிற்சி செய்கிறார்கள். காரணம் இருக்கிறது, மாணவர்களே, கவனியுங்கள்.

மலைப் பாதையில் ஏற்றம் வந்தால் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும், இறக்கம் வந்தால் மிதிப்பதே இல்லை. வேகம் மாறிக்கொண்டே இருக்கும். தார்ச் சடக்கிலோ ஒரே சீராக இரண்டு மணி, மூன்று மணி நேரம் மிதிக்கலாம். நெஞ்சும் நுரையீரலும் காலும் வலுப்படுவது அந்தச் சீரான உழைப்பில்தான். மழை பெய்து பாதை சேறாகக் கிடக்கும்போது மண்ணில் ஓட்டினால் பாதையும் கெட்டுவிடும். அந்த நாள்களிலும் தார்ச் சடக்கு கைகொடுக்கிறது.

தார்ச் சடக்கு கற்றுத் தராத பாடங்கள் மண்ணிலே கிடைக்கின்றன. கல்லையும் வேரையும் முன்கூட்டியே பார்ப்பது, உடம்பைச் சாய்த்துச் சமநிலை காப்பது, சறுக்கும்போது பதறாமல் பிரேக்கைப் பதமாகப் பிடிப்பது, இதெல்லாம் அங்கேதான் வரும்.

டயரிலும் கணக்கு இருக்கிறது. மெல்லிய சாலை டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு வரை காற்று அடிப்பார்கள். தடித்த மலை டயருக்கு 20 முதல் 35 பவுண்டு போதும். காற்றுக் குறைவாக இருப்பதால் டயர் தரையோடு அமுங்கி மண்ணைப் பிடிக்கிறது. அதே டயரைத் தார்ச் சடக்கில் ஓட்டினால் 'ங்ஙொய்' என்று இரைச்சல் போடும், சைக்கிளும் கனமாக இழுக்கும். மலைச் சைக்கிளில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளே, ஒரு எச்சரிக்கை. முட்டு முட்டாக இருக்கும் டயர், மழையில் நனைந்த தார்ச் சடக்கின் வளைவில் வழுக்கும். மெதுவாகத் திரும்புங்கள். லோரிக்கு வழிவிட்டு ஓட்டுங்கள். விளக்கில்லாமல் இருட்டில் வராதீர்கள்.

இரண்டிலும் வென்றவர்கள்

1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் அனைத்துலகச் சைக்கிள் சம்மேளனத்தின் முதல் மலைச் சைக்கிள் உலகப் போட்டி நடந்தது. மலைவழி ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் வென்ற ஜூலி பர்ட்டாடோ, அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவின் சாலைப் பந்தய வீராங்கனையாக முடிசூடியவர். அதற்கும் முன்னால் அவர் பனிச்சறுக்கு வீராங்கனை. முழங்காலில் பட்ட அடிகளால் அந்த விளையாட்டை விட்டு, சைக்கிளுக்கு வந்து, இரண்டு சடக்கிலும் வென்று காட்டினார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளும் சேர்ந்தது.

ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் மலைச் சைக்கிள் உலகக் கோப்பையை வென்றார். பிறகு சாலைக்கு மாறினார். 2009இல் சாலைப் பந்தய உலக வீரர். 2011இல், தம் 34ஆம் வயதில், 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை வென்ற முதல் ஆஸ்திரேலியர் ஆனார்.

இங்கிலாந்தின் டாம் பிட்காக் 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரீசிலும் மலைச் சைக்கிளுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். இடையில் 2022இல் டூர் பந்தயத்தின் புகழ்பெற்ற ஆல்ப் டுயெஸ் மலைச் சாலையிலும் முதலாவதாக வந்தார். பாரீசில் அவருக்கு நடுவழியில் டயர் பஞ்சர். சக்கரத்தை மாற்றிக்கொண்டு விரட்டிப் பிடித்து வென்றார்.

பிரான்சின் போலின் பெரான்-பிரேவோ என்ற பெண்ணின் சாதனையைக் கேளுங்கள். 2014இல் சாலைப் பந்தய உலக வீராங்கனை. 2015இல் சேற்றுப் பாதைப் பந்தயத்திலும் மலைச் சைக்கிளிலும் உலக வீராங்கனை. 2024இல் பாரீஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் தங்கம். அடுத்த ஆண்டே சாலைக்குத் திரும்பி, 2025இல் பெண்களுக்கான 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தையும் வென்றுவிட்டார். அடேயப்பா! ஒரு பெண் இவ்வளவு சாதித்தது சும்மா வந்த பெருமையா? இரண்டு சடக்கிலும் சலிக்காமல் உழைத்த உழைப்பு.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

இந்தக் கதையைத் தமிழ்ப்பள்ளி மலரில் எழுதியதற்குக் காரணம் உண்டு. நம்மில் சிலர் இப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்: "ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில படிச்சிட்டு, அப்புறம் இடைநிலைப் பள்ளிக்குப் போனா எல்லாமே மலாய்லதானே? இங்க படிச்சது அங்க எதுக்கு உதவப் போவுது? ஆரம்பத்திலேயே அங்க போட்டிருக்கலாமே!" பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரின் பேச்சுத்தான் இது. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கேரி பிஷரை நினைத்துப் பாருங்கள். தார்ச் சடக்கின் கியரை மண் சடக்குக்குக் கொண்டுபோனதால்தானே அவருடைய சைக்கிள் மலையேறியது? கேடல் எவன்ஸ் மலையிலே கற்றதை மலையிலேயே விட்டுவிட்டா பாரீசுக்குப் போனார்? ஒரு சடக்கில் கற்றது மறு சடக்கில் வீணாவதில்லை. தமிழில் எண்ணக் கற்ற பிள்ளைக்கு மலாயில் கணக்கு புதிதாக இருக்காது, சொல்தான் புதிதாக இருக்கும். தமிழில் ஒரு பாடலின் பொருளை விளக்கப் பழகிய பிள்ளை, வேறு மொழியிலும் பொருளைத் தேடும். முதலாம் படிவத்தில் முதல் சில மாதம் டயர் இரைச்சல் போடத்தான் செய்யும், சைக்கிள் கனமாக இழுக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா மிதி, பழகிடும்" என்று சொல்லுங்கள்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே, பரிசு வாங்காவிட்டாலும் கைதட்டி மகிழும் மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் போகும் சடக்கு எதுவாகவும் இருக்கட்டும். இந்தப் பள்ளியில் உங்கள் சைக்கிளில் பூட்டிக் கொடுத்த கியரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். ஏற்றம் வரும்போது அது உதவும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!